மேலிடத்தின் ஒப்புதலுக்காக

நவம்பர் 4, செவ்வாய்

நேற்றுக் காலை என் மூக்குக்கண்ணாடி வீரமரணம் அடைந்தது. இந்த டைரியில் அதற்கு ஓர் இரங்கல் குறிப்பு எழுதாவிட்டால் நான் நன்றி கெட்டவன். கறுப்பு ஃபிரேம். ஃபிரேம் தடிமன், லென்ஸ் அதைவிடத் தடிமன். மைனஸ் ஒன்பது. அதைக் கழற்றி மேஜையில் வைத்தால் வீடே ஒரு பக்கமாகச் சாயும். யாராவது எதிர்ப்பக்கம் ஓடிப்போய் உட்கார்ந்தால்தான் சமநிலை வரும். நான் எடையளவு இலாகாவிலிருந்து ஓய்வு பெற்றவன். திருநெல்வேலி ஜில்லாவின் தராசுகளுக்கெல்லாம் முத்திரை குத்திய கை இது. எடை விஷயத்தில் ஒரு கிராம்கூட கூட்டிச் சொல்ல மாட்டேன்.

கொலைகாரன் வேறு யாருமில்லை. என் சொந்தக் குதிகால்.

இப்போது உலகம் எனக்கு ஒரு சாண் தூரத்தில் முடிந்துவிடுகிறது. அதற்கு அப்பால் எல்லாம் கஞ்சி. காலையில் கொடியில் காய்ந்த என் வேட்டிக்கு வணக்கம் சொன்னேன். பதில் சொல்லவில்லை, மரியாதை தெரியாத வேட்டி. இதை எழுதுவதற்கு மூக்கு நுனியைத் தாளில் வைத்து, உழவு மாடு மாதிரி வரி வரியாகப் போய்வருகிறேன். நான் மைப்பேனாக்காரன். எழுதிய ஈரத்தை மூக்கு ஒற்றிக்கொண்டே வருகிறது.

"மாமா, மூக்குல மை" என்றாள் வடிவு. என் அக்கா மகள். பாங்கியில் லீவு போட்டுவிட்டு நேற்றிலிருந்து இங்கேதான் இருக்கிறாள்.

"ஓட்டுப் போட்டவனுக்கு விரல்ல மை. எழுதுதவனுக்கு மூக்குல மை. இது ஒரு அந்தஸ்துட்டி" என்றேன். அவள் சிரிக்கவில்லை.

ஒன்று எழுத விட்டுப்போயிற்று. மேலிடம் வீட்டில் இல்லை. மேலிடம் என்பது என் வீட்டுக்காரி பிரமநாயகி. நேற்று தோசைக்கல்லை அடுப்பில் போட்டு முதல் தோசையை ஊற்றினாள், நான் இன்னும் குளிக்கவில்லை என்று ஏதோ திட்டிக்கொண்டிருந்தாள், பாதி வார்த்தையில் நிறுத்திவிட்டு அப்படியே சரிந்தாள். ஓடிப்போய்த் தூக்கினேன். கண்ணாடி விழுந்தது அப்போதுதான். மூளையில் ரத்தக்கசிவு என்கிறார்கள். பாளையங்கோட்டையில் ஒரு ஆஸ்பத்திரியின் மூன்றாவது மாடியில், குளிர்சாதன அறையில், நாலு பேர் பணிவிடை செய்யப் படுத்திருக்கிறாள். எனக்கு ஒருநாளும் அந்த யோகம் வாய்த்ததில்லை. சாயங்காலம் ஒரே ஒரு ஆளை, அதுவும் கொஞ்ச நேரம், உள்ளே விடுவார்களாம்.

தோசை கருகிவிட்டது. அதையும் குறித்து வைக்கிறேன்.

நவம்பர் 5, புதன்

வடிவின் ஸ்கூட்டர் பின்னால் உட்கார்ந்து வண்ணாரப்பேட்டைக்குப் போனேன், தேவசகாயம் கடைக்கு. அவன் என்னோடு ஐந்தாம் வகுப்பிலிருந்து படித்தவன். கண்ணாடிக்கடை வைத்து ஜில்லாவில் பாதிப் பேருக்குப் பார்வை கொடுத்ததாகச் சொல்லிக்கொள்வான். என்னைவிடப் பெரிய புளுகன் உலகத்தில் உண்டென்றால் அது அவன்தான்.

"ஏதாவது ஒண்ண எடும்வே. லென்ஸ் மதுரையில இருந்து செஞ்சு வரணும். சீக்கிரம் சொன்னாத்தான் சீக்கிரம் வரும்" என்றான்.

எடுப்பதா? நானா? அவனுக்குத் தெரியாததா? கடையில் மாட்டியிருக்கும் நிலைக்கண்ணாடி என்னைப் போன்றவர்களுக்கு ஒரு மோசடி. புது ஃபிரேமைப் போட்டுப் பார்க்க வேண்டுமென்றால் பழையதைக் கழற்ற வேண்டும். கழற்றிவிட்டால் எதிரே தெரிவது என் முகமில்லை, தட்டில் ஊற்றிய இட்லி மாவு. அதற்குக் குறுக்கே ஒரு கோடு. அவ்வளவுதான். கல்யாணமான வருஷத்திலிருந்து இன்றுவரை என் மூக்கில் ஏறிய ஒரு ஃபிரேமைக்கூட நான் தேர்ந்தெடுத்ததில்லை. பிரமு வருவாள். அந்த உயரமான ஸ்டூலில் உட்காருவாள். நான் ஒவ்வொன்றாகப் போட்டுக்கொண்டு அவள் பக்கம் திரும்புவேன்.

அவள் வேண்டாம் என்று சொன்னதே கிடையாது. "உங்க இஷ்டம்" என்பாள். அதைக் கேட்டதுமே தேவசகாயம் ஃபிரேமை வாங்கி உள்ளே வைத்துவிடுவான். பிடித்திருந்தால் அதையும் சொல்ல மாட்டாள். ஆள்காட்டி விரலை நீட்டி, மூக்குத் தண்டின்மேல் ஃபிரேமை ஒரே ஒரு தடவை மேலே தள்ளிவிட்டு, எழுந்து செருப்பைத் தேட ஆரம்பிப்பாள். அந்த ஒற்றை விரல்தான் அரசாணை. மேல்முறையீடு கிடையாது.

"மேலிடம் ஒப்பாம எந்த ஃபிரேமும் இந்த மூக்குல ஏறாது" என்றேன்.

"அவ இன்னும் கண்ணே முழிக்கலன்னு வடிவு சொன்னாளேவே."

"முழிப்பா. ஃபிரேம் பாக்கணும்னா முழிப்பா. நான் வட்ட ஃபிரேம எடுத்துட்டு வந்துருவேனோன்னு பயந்தாவது முழிப்பா."

அவன் ஃபிரேம்களைத் துணியில் சுற்றி ஒவ்வொன்றாக என் வயர்கூடையில் போட்டான். திருப்பிக் கொடுப்பதைப் பற்றிக் கேட்கவே இல்லை. அது எனக்குப் பிடிக்கவில்லை. வழக்கமாகக் கேட்பான்.

நவம்பர் 6, வியாழன்

முதல் வேட்பாளர்: கறுப்பு, சதுரம். பச்சை அங்கியும் தலையில் ஒரு உறையும் மாட்டி உள்ளே விட்டார்கள். கறுப்புச் சதுரத்தோடு கட்டிலருகே போய் நின்றேன். பச்சையாக ஒரு மலை. அதன்மேல் மஞ்சளாக ஒரு நிலா. நிலாதான் அவள் முகமாக இருக்க வேண்டும். ஏதோ குழாய்கள், ஏதோ டிக் டிக். "பிரமு, இது எப்படி இருக்கு பாரு" என்றேன்.

பதில் இல்லை. ஒப்புதல் நிலுவையில்.

நவம்பர் 8, சனி

கண்ணைத் திறந்துவிட்டாள்! காலையில் டாக்டர் வடிவிடம் சொன்னாராம். வலது பக்கம் கையும் காலும் வராது, பேச்சு இப்போதைக்கு இல்லை, வலப்பக்கம் நிற்பவர்களைத் தெரியாமலும் போகலாம். இடது பக்கம் நின்று, பழக்கமான விஷயமாகப் பேசச் சொன்னாராம். அந்த டாக்டர் மகா மேதை. நான் மருத்துவப் படிப்பே இல்லாமல் இதைப் புதன்கிழமையே சொல்லவில்லையா?

தங்க நிறக் கம்பி ஃபிரேம் போட்டு இடப்பக்கம் நின்றேன். நிலாவில் இரண்டு கறுப்புப் புள்ளிகள். அவை என்னைப் பார்த்தனவா, எனக்குப் பின்னால் சுவரைப் பார்த்தனவா என்று எனக்குத் தெரியவில்லை. பக்கத்தில் குனியப் போனேன். "ஐயா, டியூப்புல பட்ரும், தள்ளி நில்லுங்க" என்றாள் நர்ஸ் பிள்ளை.

தள்ளி நின்றேன். தள்ளி நின்றால் அவள் மறுபடி நிலாவாகிவிடுகிறாள். அதுவும் மோசமில்லை.

நவம்பர் 9, ஞாயிறு

கடை லீவு. தேவசகாயம் சர்ச்சுக்குப் போய்விட்டான். நேற்றைய தங்கக் கம்பியையே மறுபடி போட்டுக்கொண்டு போனேன். மறுபரிசீலனை மனு. விசாரணைக்கு எடுக்கப்படவில்லை.

நவம்பர் 11, செவ்வாய்

தண்ணீர் மோட்டார் ஓடவில்லை. ஆள் வந்து பார்த்துவிட்டு, சுவிட்ச் போடவில்லை என்றான். நான் போட்டது அடுத்திருந்த சுவிட்ச். ஃபிரிட்ஜில் பிரமு அரைத்து வைத்த மாவு இருக்கிறது. புளித்துப் பொங்கி மூடியைத் தள்ளுகிறது. வடிவு கொட்டப் போனாள். தடுத்துவிட்டேன். "இதுல தோச சுட்டா தொண்டையே அரிச்சுரும் மாமா" என்றாள். "நான் சுடப் போறேன்னு சொன்னேனா? இருக்கட்டும்னுதான் சொன்னேன்."

அதோடு நிறுத்தியிருக்கலாம். நான் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்காமல், அடுத்து விளிம்பே இல்லாத ஃபிரேம், அதற்கடுத்து ஆமை ஓட்டு ஃபிரேம் என்று பட்டியல் சொன்னேன். அவள் வெடித்துவிட்டாள்.

"ஒரு ஃபிரேம எடுத்து லென்ஸப் போட்டா இந்நேரம் வந்துருக்கும். அத்தையத் தெளிவா பாக்கலாம்லா? தடவித் தடவி நடக்கிய, படியில விழப் பாத்திய. எதுக்கு இழுத்தடிக்கிய?"

"மேலிடத்தோட ஒப்புதல்…"

"மேலிடமுமில்ல கீழிடமுமில்ல. உங்களுக்குப் பாக்கப் பயம் மாமா. கண்ணாடி இல்லாம இருந்தா அத்த மூஞ்சி தெரியாதுல்லா? அதான்."

நான் இந்த ஜில்லாவின் பெரிய பெரிய மண்டி முதலாளிகளையெல்லாம் தராசும் கையுமாக நடுங்க வைத்தவன். ஓர் அக்கா மகளின் பேச்சிலிருந்து தப்பிக் குளியலறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன். குழாயைத் திறந்து வைத்தேன். தண்ணீர் வரவில்லை, மோட்டார் சுவிட்ச்.

பயம் என்று அவள் சொன்னதை இங்கே மறுக்கிறேன்.

நவம்பர் 13, வியாழன்

வெற்றி! வரலாறு காணாத வெற்றி! என்னை நிராகரித்துவிட்டாள்!

விளிம்பில்லாத ஃபிரேம். கலெக்டர்களும் கண் டாக்டர்களும் போடுவது. அதைப் போட்டு இடது பக்கம் நின்று, "பிரமு, இதுல நான் பெரிய அதிகாரி மாதிரி இருக்கேனா?" என்றேன். நிலா மெதுவாக, ரொம்ப மெதுவாகத் திரும்பியது. சுவர்ப் பக்கமாக. என்னை விட்டு விலகி. நான் கற்பனை செய்யவில்லை, சாட்சி உண்டு. "ஐயா, அம்மா முகத்தத் திருப்பிட்டாங்க, நானும் பாத்தேன்" என்றாள் நர்ஸ் பிள்ளை.

அந்தத் திருப்பல் எனக்குத் தெரியாதா? என் கவிதை ஒன்றைக் கல்யாணமான புதிதில் வாசித்துக் காட்டியபோது திரும்பிய அதே திருப்பல். 'உங்க இஷ்டம்' என்பதை வாயால் சொல்ல முடியாதவள் கழுத்தால் சொல்கிறாள்.

கீழே கடையில் கடலைமிட்டாய் வாங்கி வராந்தாவில் இருந்தவர்களுக்கெல்லாம் கொடுத்தேன். "வீட்டுல விசேஷமா?" என்று ஒருவர் கேட்டார். "என் பொஞ்சாதி என்ன வேண்டாம்னுட்டா" என்றேன். மிட்டாயைத் திருப்பிக் கொடுக்கலாமா வேண்டாமா என்று அவர் யோசிப்பது, கண்ணாடி இல்லாத எனக்கே தெரிந்தது.

நவம்பர் 14, வெள்ளி

ஆமை ஓடு: நிராகரிப்பு. அரை விளிம்பு: நிராகரிப்பு, அதோடு ஒரு சத்தம். "உ" மாதிரி. 'உங்க இஷ்டம்' என்பதன் முதல் எழுத்து அது. நர்ஸ் பிள்ளை, சளி என்கிறாள். அவளுக்கு எங்கள் வீட்டு மொழி தெரியாது.

வடிவிடம் கணக்குப் போட்டுச் சொன்னேன்: தேவசகாயம் கடையில் முந்நூறு ஃபிரேமாவது இருக்கும். ஒரு நாளைக்கு ஒன்றாகக் காட்டினாலும் அடுத்த தீபாவளி வரை வேலை இருக்கிறது. வேலையைப் பாதியில் விட்டுப் போகிறவள் இல்லை உன் அத்தை.

"தோசையப் பாதியில விட்டுட்டுத்தான போனா?" என்றாள் வடிவு. சொன்ன பிறகு அவளே வாயைப் பொத்திக்கொண்டாள். 

நவம்பர் 15, சனி

என் மூளையின் மகத்துவத்தைக் கண்டு நானே திகைத்து நிற்கிறேன்.

தேவசகாயம் கடையில் பெண்கள் பக்கம் தடவிக்கொண்டிருந்தபோது கையில் ஒன்று அகப்பட்டது. கண்ணுக்கு அருகே கொண்டுபோய்ப் பார்த்தேன். ஊதா நிறம். இரண்டு ஓரமும் பூனைக் காது மாதிரி மேலே தூக்கி நிற்கிறது. அந்தத் தூக்கலில் வரிசையாகச் சின்னச் சின்ன வெள்ளைக் கல். கல்லூரிப் பிள்ளைகள் போடுவது.

"அத வையும்வே, அது லேடீஸு" என்றான்.

"தெரியும்."

"தெரிஞ்சா எதுக்கு?"

"ஒரு தடவையாவது சிரிப்பா."

தேவசகாயம் அதைத் துடைத்தான். ரொம்ப நேரம் துடைத்தான். பிறகு என் கூடையில் வைத்துவிட்டு, "சிரிச்சான்னா எனக்கு ஒரு போன் போடும்" என்றான். அவன் குரல் சரியில்லை. மழைக்கால ஜலதோஷம்.

நவம்பர் 16, ஞாயிறு

இன்றைக்கு எழுத்து கோணும். பரவாயில்லை.

புறப்படுமுன் மத்தியானம் உட்கார்ந்து, இன்று என்னென்ன பேச வேண்டும் என்று ஒரு தாளில் எழுதிப் பார்த்தேன். லிஃப்ட் வாசலில் வடிவு, "மாமா, மூக்குல மை, தொடச்சிட்டுப் போங்க" என்று கத்தினாள். கதவு மூடிவிட்டது.

ஊதாவை மாட்டினேன். என் மண்டை அகலத்துக்கு அதன் இரண்டு கால்களும் விரிந்து, ஃபிரேம் பாதி மூக்கில் தொங்கியது. இடப்பக்கம் போய் நின்று இடுப்பில் கை வைத்து, "பிரமு, கடைசியில என் மூஞ்சிக்குன்னே செஞ்சது ஒண்ணு கிடைச்சிட்டு. வெளிநாட்டு ராணி ஒருத்தி போட்டதாம், அவ செத்தப்புறம் ஏலத்துல எடுத்தது" என்றேன்.

நர்ஸ் பிள்ளை சிரித்தாள். கட்டிலிலிருந்து ஒன்றும் வரவில்லை. நான் குனிந்தேன். இந்தத் தடவை நர்ஸ் தடுக்கவில்லை. குனிந்து குனிந்து, நிலா மெல்ல மெல்ல முகமாகும் தூரம் வரை போனேன். அங்கே கண்ணை மூடிக்கொண்டேன். ஏன் மூடினேன் என்று கேட்க வேண்டாம். முகத்தில் காற்று பட்டது. அவள் மூச்சு. மருந்து வாடை.

அப்போது என் மூக்கில் ஒரு விரல்.

இடது கை ஆள்காட்டி விரல். குளிர்ந்திருந்தது. மூக்கில் வந்து உட்கார்ந்தது, தேய்த்தது, மேலே போனது, ஃபிரேம் மூக்குத் தண்டில் ஏறியது. பிறகு கை போர்வைமேல் விழுந்த சத்தம். நான் கண்ணைத் திறந்தபோது என்னை வெளியே போகச் சொல்லிவிட்டார்கள், நேரம் முடிந்துவிட்டதாம்.

ஒப்புதல்! மேலிடம் ஒப்பிவிட்டது! நான் வேடிக்கைக்குக் கொண்டுபோனதை அவள் அதைவிடப் பெரிய வேடிக்கையாகத் திருப்பிவிட்டாள். இனி ஊர் முழுக்க நான் ஊதாப் பூனையாகத் திரிய வேண்டும். அதுதான் தண்டனை. குற்றம் ஒன்றா இரண்டா, நாற்பது வருஷத்துப் புளுகு.

தேவசகாயத்துக்குப் போன் போட்டேன். அவனுக்கு ஜலதோஷம் இன்னும் விடவில்லை.

நவம்பர் 17, திங்கள்

காய்ச்சல் வந்துவிட்டது என்கிறார்கள். நெஞ்சில் சளி கட்டிவிட்டதாம். டாக்டர் நீளமாகப் பேசினார். வடிவு ஆங்கிலத்தில் கேட்டாள், அவரும் ஆங்கிலத்தில் சொன்னார். எனக்கும் ஆங்கிலம் தெரியும் என்பதை அவர்களிடம் சொல்லவில்லை.

தேவசகாயம் போன் செய்தான்: "ஊதாவுக்கு லென்ஸ் ஆர்டர் போட்ரட்டுமா?"

"போடாதீரும்!" என்று கத்திவிட்டேன். "இன்னும் முடிவாகல. வேற காட்டணும்."

நேற்று வாங்கியிருக்கக் கூடாது அந்த ஒப்புதலை. முந்நூறு ஃபிரேம் இருந்ததே. ஒவ்வொன்றாகக் காட்டியிருக்கலாமே. விரலை நீட்டித் தள்ளிவிட்டால் அடுத்து அவள் என்ன செய்வாள்? எழுந்து செருப்பைத் தேடுவாள். இது எனக்குத் தெரியாதா?

சாயங்காலம் கறுப்புச் சதுரத்தை மறுபடி போட்டுக்கொண்டு போனேன். "பிரமு, அந்த ஊதா வேண்டாம்ளா. கால் விரியுது. இன்னும் பாக்கணும். நிறைய இருக்கு" என்றேன். கண் திறக்கவில்லை. வட்ட ஃபிரேமையும் போட்டுப் பார்த்தேன். அவளுக்குக் கட்டோடு பிடிக்காத வட்டம். அதற்கும் திறக்கவில்லை.

நவம்பர் 18, செவ்வாய்

மழை. எழுத ஒன்றுமில்லை.

நவம்பர் 19, புதன்

பிரமு போயிட்டா.

நவம்பர் 22, சனி

காரியங்களையெல்லாம் நானே செய்தேன். பிள்ளை இல்லாத வீட்டில் வேறு யார் செய்வது. வந்தவர்களெல்லாம் எனக்குக் கஞ்சிதான். கஞ்சி வந்து கையைப் பிடித்தது, கஞ்சி அழுதது, கஞ்சி போய்விட்டது. ஃபிரிட்ஜிலிருந்த மாவை யாரோ நல்ல மனசோடு கொட்டி, பாத்திரத்தைத் தேய்த்துக் கவிழ்த்து வைத்திருக்கிறார்கள். யாரென்று நான் கேட்கவில்லை. கேட்டால் அவர்கள் வருத்தப்படும்படி ஏதாவது சொல்லிவிடுவேன்.

ஒன்றை எழுத வேண்டும். மூன்று நாளாக எழுதாமல் தள்ளிக்கொண்டிருக்கிறேன்.

வீட்டுக்குக் கொண்டுவந்து கிடத்தியபோது பக்கத்தில் உட்கார்ந்து அவள் இடது கையை எடுத்துக்கொண்டேன். முகத்தைப் பார்க்கவில்லை. கையை என் கண்ணுக்கு அருகே கொண்டுவந்து பார்த்தேன். என் சாண் உலகத்துக்குள் அது வந்தது. தோசைக்கல் சுட்ட பழைய வடு. ஆள்காட்டி விரலின் நகத்தோரத்தில் நீலம். ஒரு கோடு மாதிரி. பேனா மை.

வடிவிடம் கேட்டேன். "அன்னைக்கு உங்க மூக்குல மை இருந்துச்சுல்லா மாமா. லிஃப்ட்ல கத்துனேம்லா. வெளிய வரும்போது பாதி இல்ல" என்றாள்.

ஆகவே அவள் ஃபிரேமைத் தள்ளவே இல்லை போலிருக்கிறது. மூக்கிலிருந்த மையைத் துடைத்திருக்கிறாள். துடைக்கும்போது விரல் பட்டு ஃபிரேம் ஏறியிருக்கிறது. அல்லது ஃபிரேமைத் தள்ளும்போது மை ஒட்டியிருக்கிறது. எது முதலில்? முப்பது வருஷம் எடையில் இப்படி அப்படி விடாதவன் நான். இந்த ஒன்றை நிறுக்க என்னிடம் தராசு இல்லை.

வடிவு என்னைப் பார்த்துக்கொண்டே இருந்தாள் என்று நினைக்கிறேன். "ரெண்டும்தான் மாமா" என்றாள். "அத்த ஒரே ஒரு வேலைக்குன்னு கைய நீட்டிருக்காளா என்னைக்காவது?"

நவம்பர் 28, வெள்ளி

தேவசகாயம் கடை. ஊதாவைக் கூடையிலிருந்து எடுத்து மேஜைமேல் வைத்தேன்.

"லென்ஸப் போடும்."

"இதுலயா?" என்றான். "வெளையாட்டெல்லாம் போதும்வே ஆவுடையப்பா. கறுப்புச் சதுரம் வச்சிருக்கேன். பழசு மாதிரியே."

"இதுல போட முடியுமா முடியாதா, அதச் சொல்லும்."

அவன் ஃபிரேமை எடுத்து அளவுகோலை வைத்துப் பார்த்தான். "முடியும். சொல்லப்போனா உம்ம பவருக்கு இதுதான் தோது. லென்ஸ் சின்னது, ஓரம் தடிக்காது. கறுப்புச் சதுரத்துல போட்டா சோடாப் புட்டி மாதிரி வரும்." ஃபிரேமை என் மூக்குக்கு நேரே பிடித்துப் பார்த்து, "பவருக்குச் சரி. மூஞ்சிக்குத்தான் சரியில்ல" என்றான்.

"மூஞ்சியப் பத்தி முடிவு பண்ணவ பண்ணிட்டா."

அந்த உயரமான ஸ்டூலை யாரோ மூலைக்குத் தள்ளியிருந்தார்கள். அவன் எழுந்துபோய் அதை இழுத்து வந்து, வழக்கமான இடத்தில் போட்டான். அதில் யாரும் உட்காரவில்லை. நான் ஊதாவை மாட்டிக்கொண்டு அந்தப் பக்கம் திரும்பினேன், பழக்க தோஷம். தேவசகாயம் ஃபிரேமின் கால்களைச் சூடுகாட்டி வளைக்கப் போவதாகச் சொல்லிக்கொண்டு உள்ளே போனான். ரொம்ப நேரம் வரவில்லை.

டிசம்பர் 3, புதன்

கண்ணாடி வந்துவிட்டது. வடிவு கொண்டுவந்து கையில் கொடுத்தாள். மாட்டிக்கொண்டேன்.

இத்தனை நாள் கஞ்சியாயிருந்த வீடு ஒரே அடியில் வந்து முகத்தில் அறைந்தது. அடுக்களைச் சுவரில் அன்றைய தோசைப் புகை. கதவுக்குப் பின்னால் அவள் செருப்பு, ஒன்றின்மேல் ஒன்று. சீப்பில் அவள் முடி, நரையும் கறுப்புமாக. இதெல்லாம் இத்தனை நாளும் இங்கேயேதான் இருந்திருக்கிறது.

நிலைக்கண்ணாடிக்குப் போனேன். ஊதாப் பூனை. கல் மின்னுகிறது. தாடி வளர்ந்த கிழப் பூனை. அந்தக் கண்ணாடியின் ஓரத்தில் அவள் ஒட்டி வைத்த பொட்டு ஒன்று, சரியாக என் நெற்றியில் வந்து உட்கார்ந்தது. இப்படி ஒரு முகத்தை உயிரோடு எவளாவது பார்த்துச் சிரிக்காமல் இருந்திருப்பாளா? சிரித்திருப்பாள். நான் கண்ணை மூடிக்கொண்டிருந்தேன். அவள் சிரித்திருந்தால் அதைப் பார்க்கக் கூடிய தூரத்தில் நின்றுகொண்டு, நான் கண்ணை மூடிக்கொண்டிருந்தேன்.

வடிவு சொன்னது சரி. பயம்தான். 11-ஆம் தேதிக் குறிப்பில் உள்ள மறுப்பை இதன்மூலம் வாபஸ் பெறுகிறேன்.

டிசம்பர் 4, வியாழன்

பதினாறாம் நாள். பிரமுவின் தம்பி சங்கரலிங்கம் சங்கரன்கோவிலிலிருந்து ஆட்களோடு வந்திருந்தான். காரியம் செய்தவனுக்குப் பெண் வீட்டார் தலையில் துணி கட்ட வேண்டும். உருமால் கட்டு. சபை நடுவே மணையில் உட்கார்ந்தேன். ஊதாக் கண்ணாடியோடு.

 பெண்கள் பக்கம் ஒரு கிசுகிசு. சங்கரலிங்கம் குனிந்து காதில், "அத்தான், இத மட்டும் கழத்திட்டு உக்காருங்க. நாலு பேரு பாக்காவ" என்றான். எனக்குக் கிறுக்குப் பிடித்துவிட்டது என்று நினைத்திருப்பான். பாவம், கண் கலங்கியிருந்தது. இப்போது எனக்கு அதெல்லாம் நன்றாகத் தெரிகிறது.

"உங்க அக்கா பாத்து எடுத்தது மாப்ள" என்றேன்.

ஊரில் நான் சொன்ன புளுகையெல்லாம் நம்பிய சபை அது. நான் காட்டுப் பன்றியை டார்ச் லைட்டால் மிரட்டியதை நம்பியது. கவர்னர் என் தராசைத் தொட்டுக் கும்பிட்டதை நம்பியது. இந்த ஒரு வாக்கியத்தை யாராவது நம்பினார்களா என்று தெரியவில்லை. வடிவு கூட்டத்திலிருந்து, "ஆமா, அத்ததான் எடுத்தா. நான் கூட இருந்தேன்" என்றாள். அவள் கூட இல்லை. லிஃப்டுக்கு வெளியே இருந்தாள். என் வம்சத்துப் புளுகு வீண்போகவில்லை.

 சங்கரலிங்கம் துணியை விரித்துத் தலையைச் சுற்றிக் கட்டினான். கட்டியது இறுக்கி, கண்ணாடி மூக்கில் இறங்கிவிட்டது. எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நானும் கொஞ்ச நேரம் முகத்தைத் தூக்கி அப்படியே காத்திருந்தேன், எதற்கென்று யோசிக்காமல். பிறகு என் விரலை நீட்டி நானே தள்ளிக்கொண்டேன்.

டிசம்பர் 5, வெள்ளி

எல்லோரும் ஊருக்குப் போய்விட்டார்கள். வடிவு திங்கட்கிழமை முதல் பாங்கிக்குப் போக வேண்டும். மோட்டார் சுவிட்ச் எது என்று ஒரு துண்டுத் தாள் எழுதி ஒட்டிவிட்டுப் போயிருக்கிறாள், யானைக்குக்கூடப் புரியும் எழுத்தில்.

கண்ணாடி அருமையாக இருக்கிறது. தெருமுனை மின்கம்பத்தில் உட்கார்ந்திருக்கும் காக்கையின் வயதைக்கூடச் சொல்லிவிடலாம். நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்து, தாளைத் தள்ளி வைத்துக் கலெக்டர் மாதிரி எழுதலாம். இந்தப் பக்கத்தின் முதல் வரிகளை அப்படித்தான் எழுதினேன். முடித்துவிட்டு மூக்கைத் தொட்டுப் பார்த்தேன். காய்ந்து, சுத்தமாக இருந்தது.

கண்ணாடியைக் கழற்றி மடித்துப் பக்கத்தில் வைத்துவிட்டேன். இந்த வரியை மூக்குத் தாளில் படும்படி குனிந்துதான் எழுதுகிறேன். மை நன்றாக ஒட்டுகிறது. இனி இதைத் துடைக்காமல் முகத்தைத் தூக்கிக்கொண்டு சற்று நேரம் சும்மா உட்கார்ந்திருக்கப் போகிறேன்.